பவர் ஸ்பிரேயரில் பிளக் அடிக்கடி கரி பிடிக்கிறதா? ஆயிலைக் குறைக்காதீர்கள்

மாமரத்தில் பூங்கொத்து வெளிவரும் நேரம். தத்துப்பூச்சிக்கு மருந்து கலந்து, பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு தோப்புக்குள் இறங்குகிறீர்கள். நான்கு மரம் அடித்து முடிப்பதற்குள் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடுகிறது. கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றினால் கரியும் ஆயிலுமாக நனைந்து கிடக்கிறது. துடைத்து மாட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். இதற்குள் வெயில் ஏறிவிடும். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்கவும் முடியாது.

விசைத்தெளிப்பான், பிரஷ் கட்டர், சிறிய டூ ஸ்ட்ரோக் களை எடுக்கும் கருவி வைத்திருக்கும் விவசாயிகளிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பலர் சட்டைப்பையில் இரண்டு மூன்று உதிரி பிளக்குகளோடுதான் வயலுக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் ஆயில் அதிகமாகி பிளக்கை அடைக்கிறது என்று தாங்களே முடிவு செய்து, பெட்ரோலில் கலக்கும் ஆயிலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். நான் இதை எழுதக் காரணமே இந்த இரண்டாவது பழக்கம்தான்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பிஸ்டன், சிலிண்டர், பேரிங் எல்லாவற்றுக்கும் உயவு கிடைப்பது பெட்ரோலோடு வரும் அந்த ஆயிலில் இருந்து மட்டும்தான். அதைக் குறைத்தால் பிளக் சுத்தமாக இருப்பதுபோல் சில நாள் தெரியலாம். பிறகு ஒரு நாள் முழு வேகத்தில் ஓடும்போது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பிளக்கின் விலை நூறு ரூபாய் அளவில்தான். சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றினால் ஆயிரக்கணக்கில் போய்விடும், அதுவும் மருந்தடிக்க வேண்டிய வாரத்தில். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆயிலைக் குறைத்தால் அந்த இடத்தைப் பெட்ரோல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கார்புரேட்டர் வழியாக உள்ளே போகும் பெட்ரோல் சற்றுக் கூடத்தான் செய்யும். அதிகப் பெட்ரோலால் கரி பிடிக்கும் இன்ஜினில் ஆயிலைக் குறைப்பது நோய்க்கு எதிர் மருந்து கொடுப்பதுபோல.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்பிரேயர்களும் பிரஷ் கட்டர்களும் நிறைய வந்துவிட்டன. பெட்ரோல் மூடி தவிர இன்ஜின் ஆயில் ஊற்றத் தனியாக ஒரு மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது. வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் கேன்களின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள்.

பிளக் என்ன சொல்கிறது?

பிளக் ஏன் செயலிழக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. காயில் அனுப்பும் மின்சாரம் நடுமுனையிலிருந்து பக்கத்து முனைக்குத் தாவும்போதுதான் பொறி உண்டாகிறது. நடுமுனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் கரி படிந்துவிட்டால் கரி மின்சாரத்தைக் கடத்தும். தாவுவதைவிட கரி வழியாக வழிந்து போவது மின்சாரத்துக்குச் சுலபம். பொறி வராது. எரியாத பெட்ரோலும் ஆயிலும் பிளக்கை மேலும் நனைக்கும். பீங்கான் முனை ஏறக்குறைய 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படியும் கரியை அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூட்டை எட்டவிடாமல் தடுப்பது எது, அல்லது எரிக்க முடியாத அளவுக்குக் கரியைக் கொண்டுவருவது எது என்பதைத்தான் நாம் தேடப்போகிறோம்.

பிளக்கைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. கருவியை வழக்கமான வேலையில் முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, வேகத்தைக் குறைத்து ஐடிலில் விடாமல் அப்படியே நிறுத்துங்கள். ஐடிலில் விட்டு நிறுத்தினால் ஐடிலின் நிறம்தான் தெரியும். பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் ஆறியபின் பிளக்கைக் கழற்றுங்கள். அதற்கு முன் மருந்துத் தொட்டியை இறக்கிவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மருந்து பட்ட கையோடு பிளக்கைத் துடைத்து, அதே கையால் முகத்து வியர்வையைத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பீங்கான் காபித்தூள் நிறத்தில், வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. விரலில் ஒட்டும் உலர்ந்த கறுப்புப் பொடி என்றால் காற்று போதவில்லை, அல்லது பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான, ஈரமான கறுப்பு என்றால் ஆயில் அதிகம், அல்லது இன்ஜின் போதுமான சூட்டை எட்டாமல் மெதுவாக ஓடுகிறது, அல்லது பொறி பலவீனம். கரியே இல்லாமல் பெட்ரோலால் மட்டும் நனைந்திருந்தால் கார்புரேட்டர் வழிகிறது அல்லது பொறியே வரவில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவே கரித்துணுக்கு பாலம் போட்டதுபோல் ஒட்டியிருந்தால் ஆயில் வகையின்மேல் சந்தேகப்படுங்கள். பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கருவியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது ஆயில், பெட்ரோல் போதவில்லை. பிஸ்டன் பிடிப்பதற்கு முன் வரும் எச்சரிக்கை அது.

ஆயிலின் அளவைவிடக் கலக்கும் விதம்

பிசுபிசுத்த பிளக்கோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு ஆயில் என்பதை அல்ல, எப்படிக் கலக்கிறீர்கள் என்பதைத்தான். "டேங்கில் பெட்ரோலை ஊற்றி, மேலே ரெண்டு மூடி ஆயில் விடுவேன் சார்" என்பார்கள். ஆயில் பெட்ரோலைவிட அடர்த்தியானது. கலக்காமல் விட்டால் நேரே அடியில் போய் நிற்கும். டேங்கின் அடியிலிருந்துதான் கார்புரேட்டருக்குக் குழாய் போகிறது. முதல் ஐந்து நிமிடம் இன்ஜின் குடிப்பது பெரும்பாலும் ஆயில். அது நின்றபின் மேலே மிஞ்சும் பெட்ரோலில் ஆயில் போதாது. ஒரே டேங்கில் முதலில் பிளக் அடைப்பு, பிறகு பிஸ்டன் தேய்மானம்.

தனிக் கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, அளந்த ஆயிலை விட்டு, மூடி நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். டேங்கில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். மூடிக் கணக்கு, டீ கிளாஸ் கணக்கு வேண்டாம். மெடிக்கல் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு அந்தக் கேனோடு நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

விகிதம் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை சொல்வது அல்ல. உங்கள் கருவியின் கையேட்டிலோ டேங்க் மூடியின்மேலோ என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. 25:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 30:1 என்றால் 33 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. பழைய முதுகு ஸ்பிரேயர்கள் பல 25:1 கேட்கும். புதிய பிரஷ் கட்டர்கள் பல 40:1 அல்லது 50:1 கேட்கும். இரண்டுக்கும் ஒரே கேனில் கலந்தால் ஏதாவது ஒன்று அழும்.

ஆயில் 2டி ஆயிலாகவே இருக்க வேண்டும். டப்பாவில் ஜாசோ எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று ஏதேனும் ஒரு தரம் எழுதியிருக்கும். எஃப்.சி. அல்லது எஃப்.டி. வாங்கினால் புகையும் கரியும் குறைவு. டிராக்டருக்கு ஊற்றும் இன்ஜின் ஆயிலும் மோட்டார் சைக்கிளின் 20டபிள்யூ-40 ஆயிலும் எரிவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றிலுள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பலாகிப் பிளக்கில் ஒட்டும். மேலே சொன்ன கரிப்பாலம் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. கழிவு ஆயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் அல்ல. 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மூடி சரியில்லாத கேனில் வாரக்கணக்கில் வைத்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஓரிரு நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, இறுக்கமான மூடியுள்ள பெட்ரோல் கேனில் வையுங்கள். போன பருவத்தில் மிஞ்சிய கலவையில் இந்தப் பருவத்தைத் தொடங்காதீர்கள்.

காற்று, சோக், பெட்ரோல் டேப்

உலர்ந்த கறுப்புப் பொடிக்கு ஏர் ஃபில்டர்தான் முதல் குற்றவாளி. மண் புழுதி, தூவும் மருந்துப் பொடி, வெட்டிய புல்லின் தூசி எல்லாம் அதில்தான் அடைகிறது. பஞ்சு ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசி, நிழலில் முழுதாக உலரவிட்டு, நான்கைந்து சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டிப் பார்த்து மாற்றிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் தூசியில்லாத இடத்தில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் உடனே தெளிந்து வேகமெடுத்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஃபில்டர் இல்லாமல் வேலை செய்துவிடாதீர்கள்.

சோக் பாதி மூடியபடியே ஓடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதிர்வில் சோக் நெம்புகோல் தானாக இறங்கிவிடும் கருவிகளும் உண்டு. முதுகில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டார்ட் ஆனபின் சோக் முழுதாகத் திறந்து, அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடுகிறீர்களா? மிதவை வைத்த கார்புரேட்டரில் ஊசி தேய்ந்திருந்தால் இரவு முழுக்கப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இன்ஜினுக்குள் இறங்கும். காலையில் கயிறு இழுக்கும்போதே பிளக் குளித்துவிடும். இதை வெளியில் வைத்துச் சோதிக்கலாம். டேப்பைத் திறந்து, இன்ஜினை ஓட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள். கார்புரேட்டர் கசிந்தாலோ பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தாலோ மிதவை ஊசியை மாற்ற வேண்டும். பிரஷ் கட்டரில் கையால் அமுக்கும் குமிழ் இருந்தால் அது டயாபிரம் வகைக் கார்புரேட்டர். அதில் மிதவை இல்லை. டயாபிரம் விறைத்துப் போவதும் ஊசி சரியாக மூடாததும்தான் அங்கே பிரச்னை.

ஏற்கனவே பெட்ரோல் நிரம்பிவிட்ட இன்ஜினைத் தெளிவிக்க, டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, சோக்கை முழுதாகத் திறந்து, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்து, பிளக் துளை தரையைப் பார்க்கும்படி கருவியைச் சாய்த்து எட்டு பத்து முறை கயிற்றை இழுங்கள். வழிந்த பெட்ரோல் ஆவியாகும்வரை காத்திருந்து, உலர்ந்த பிளக்கை மாட்டுங்கள். மருந்துத் தொட்டியை முன்பே காலி செய்திருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

பாதி வேகத்தில் மருந்தடிக்காதீர்கள்

சத்தம் காதைத் துளைக்கிறது, பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் பாதி ஆக்சிலரேட்டரில் மணிக்கணக்காக அடிக்கிறார்கள். இந்தச் சிறு இன்ஜின்கள் அதிக வேகத்தில் ஓடுவதற்காகவே அமைக்கப்பட்டவை. பாதி வேகத்தில் பிளக் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சூட்டை எட்டாது. மருந்துக்கும் இது கேடு. மிஸ்ட் புளோவரில் மருந்தை நுண்துளியாக உடைப்பது காற்றின் வேகம்தான். அது குறைந்தால் துளி பெரிதாகி இலையிலிருந்து வழிந்து தரையில் விழும். மருந்தின் அளவைக் குறைக்க நாசிலில் உள்ள அளவுத் திருகைப் பயன்படுத்துங்கள், ஆக்சிலரேட்டரை அல்ல. காதுக்குப் பஞ்சு போதாது. காதுக்கவசம் வாங்குங்கள்.

மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கும்போது ஐடிலில் விட்டு வைப்பதையும் தவிருங்கள்.

இதையெல்லாம் சரி செய்தும் இன்ஜின் முழு வேகம் எடுக்காமல் மந்தமாகவே இருந்தால் சைலன்சரைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஓடிய கருவியில் சிலிண்டரின் புகைத் துளையிலும் சைலன்சரின் வாயிலும் கரி கெட்டியாகப் படிந்திருக்கும். பிரஷ் கட்டர் சைலன்சரில் தீப்பொறி தடுக்கும் சிறு வலை இருந்தால் அதுவும் அடைத்திருக்கும். புகை வெளியே போகாவிட்டால் புதுக்காற்று உள்ளே வராது. சைலன்சரைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலே ஏற்றித் துளையை மூடவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கீறல் விழும்.

பொறியைச் சோதித்தல்

நனைந்த பிளக்கைப் பார்த்ததும் ஆயில்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பொறி வராவிட்டாலும் பிளக் நனையும். இன்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆகி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடானதும் நின்று, அரைமணி ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆனால் சூட்டில் செயலிழக்கும் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். எத்தனை பிளக் மாற்றினாலும் அது தீராது. கண்டுபிடிக்கும் வழி: இன்ஜின் நின்ற உடனே, சூட்டோடு, உலர்ந்த புது பிளக்கை வயர் தொப்பியில் செருகி, அதன் மரைப் பகுதி சிலிண்டரின் இரும்புப் பகுதியைத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து, ரப்பர் பிடியுள்ள குறடால் பிடித்துக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமல் போனாலோ காயில், வயர், தொப்பி, ஸ்விட்சுக்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் வயர் உறை தேய்ந்து இரும்பில் உரசினாலும் இன்ஜின் விட்டுவிட்டு நிற்கும். காயிலுக்கும் சுழலும் காந்தச் சக்கரத்துக்கும் இடைவெளி பொதுவாக 0.3 மில்லிமீட்டர் அளவில், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இருக்கும்.

பிளக் முனைகளின் இடைவெளி பெரும்பாலான கருவிகளில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடின் பல்லில்லாத முதுகுப் பக்கம் ஏறக்குறைய இந்தக் கனம்தான். கரியைப் பித்தளைப் பிரஷ்ஷால் எடுத்து, பெட்ரோலில் கழுவி உலர்த்துங்கள். கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சுவது வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்.

கடையில் பிளக் வாங்கும்போது மரை பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளக்கின் எண் அதன் சூட்டு அளவைக் குறிக்கும். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்தே இருக்கும். பாஷ் பிளக்கில் இது தலைகீழ், எண் கூடினால் சூடான பிளக். பல பிரஷ் கட்டர்களில் வரும் பி.பி.எம்.ஆர். 7 ஏ பிளக்குக்குப் பதிலாக 8 எண் பிளக்கை மாட்டினால் கரி அதிகமாகப் பிடிக்கும். கரி பிடிக்கிறதே என்று நீங்களாகச் சூடான பிளக்குக்கு மாறாதீர்கள். வேறெங்கோ உள்ள கோளாறை அது மறைத்துவிடும், முழு வேகத்தில் பிஸ்டன் தலை வெந்துபோகவும் கூடும். மரை நீளமான பிளக்கை மாட்டினால் பிஸ்டன் வந்து அதில் இடிக்கும்.

பழைய ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். மேலே சொன்னவை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். பைக்கில் கூடுதலாக ஒன்று உண்டு. கிளட்ச் பக்கத்து சீல் தேய்ந்தால் கியர் ஆயில் இன்ஜினுக்குள் இழுக்கப்படும். வெண்புகை அடர்ந்து, கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வந்தால் அதுதான். ஸ்பிரேயரில் அந்த வழி இல்லை. அதில் சீல் போனால் காற்றுதான் உள்ளே போகும், பிளக் கறுக்காது, வெளுக்கும்.

ஒரே நாளில் நான்கையும் மாற்றாதீர்கள். எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். புது பிளக் போட்ட தேதியையும், அதன்பின் எத்தனை டேங்க் பெட்ரோல் ஓடியது என்பதையும் கேனின்மேல் எழுதுங்கள். முதல் டேங்கிலேயே நனைந்தால் கார்புரேட்டர் வழிவது அல்லது பொறிக் கோளாறு. பல டேங்க் ஓடி மெல்லக் கறுத்தால் காற்று, ஆயில், ஓட்டும் விதம். கார்புரேட்டரின் எல், எச் என்று குறித்த திருகுகளை நீங்கள் தொட வேண்டாம். எச் திருகைக் கூடுதலாக மூடினால் பிளக் அழகாக வெளுக்கும், இன்ஜின் போய்விடும். கயிறு எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால் சிலிண்டர் அழுத்தம் இல்லை. அப்போது மெக்கானிக்கிடம் போங்கள், எழுதி வைத்த கணக்கையும் சொல்லுங்கள்.

பருவம் முடிந்து கருவியை எடுத்து வைக்கும்போது டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பிளக் துளையில் ஐந்தாறு சொட்டு 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கை மாட்டி வையுங்கள். அடுத்த பருவத்தில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் புகை அடர்ந்து வரும். அது நீங்கள் விட்ட ஆயில்தான். அதற்காகப் பிளக்கை மாற்ற வேண்டாம்.